மண்ணில்லா வேளாண்மையில் வேரின் மூச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் மண்ணில்லா வேளாண்மை குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். மண் இல்லாமலும் பயிர் செழிக்கும் என்பதை இத்தனை வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னதில் மகிழ்ச்சி. ஆனால் திரி முறை, மிதவை முறை, மென்படல முறை, நிரப்பி வடிக்கும் முறை, சொட்டுநீர் முறை, ஏரோபோனிக்ஸ் என்று ஆறு பெயர்களை ஒரே வரியில் அடுக்கி, இவற்றுள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த பத்திக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. செடியின் வேருக்குக் காற்று எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு இந்த முறைகள் ஒவ்வொன்றும் வேறொரு விடையைத் தருகின்றன. விடை மாறினால் பயிரும் செலவும் பராமரிப்பும் மாறும். மோட்டார் நின்றுபோனால் செடி எத்தனை நேரம் தாங்கும் என்பதும் மாறும். புதிதாகத் தொடங்குவோர் இதைத் தெரிந்துகொள்ளாமல் குழாய்களை வாங்கிப் பொருத்திவிட்டு, முதல் கோடையிலேயே மனம் உடைந்து கைவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இம்முறையில் கீரைகளும் தக்காளியும் வளர்த்து வருபவன் என்ற முறையில், கட்டுரை விட்டுவிட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

வேருக்குத் தண்ணீரும் உரமும் கிடைத்தால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். வேரும் நம்மைப் போல ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. உரம் கரைந்த நீரான கரைசலில் உள்ள உப்புகளை உள்ளே இழுப்பதற்குச் செலவாகும் ஆற்றல் அந்தச் சுவாசத்திலிருந்துதான் கிடைக்கிறது. நெல்லைப் போன்ற சில தாவரங்களின் திசுக்களில், இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் இடைவெளிகள் நிறைய உண்டு; சாலட் கீரையான லெட்டூஸுக்கும் வெள்ளரிக்கும் தக்காளிக்கும் அத்தகைய வசதி போதிய அளவு இல்லை. அவை தம் வேரைச் சுற்றியுள்ள இடத்திலிருந்தே ஆக்ஸிஜனைப் பெற்றாக வேண்டும். மண்ணில் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துபொந்துகளில் காற்று இருக்கிறது. தண்ணீரில் அது கரைந்த நிலையில் மட்டுமே இருக்கும்; அதுவும் மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்க, 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் நன்னீர் அதிக அளவாகத் தாங்குவது சுமார் 9 மில்லிகிராம் மட்டுமே. 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வேளையில் சூடு 10 டிகிரி ஏறினால் வேரின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. போதாக்குறைக்கு, அசைவற்ற நீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே வேர் தன்னைச் சுற்றியுள்ளதை எடுத்துக்கொண்ட பிறகு, புதியது வந்து சேரக் காத்துக் கிடக்க வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே செடி வாடி நிற்கும் காட்சிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சும் திறனையும் இழந்துவிடுகிறது.

ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் மண்ணில்லா வேளாண்மையின் வரலாற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் தெளிவாக விளங்கும். 1699-ஆம் ஆண்டில் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினா வகைச் செடியை மழைநீரிலும் ஆற்று நீரிலும் தோட்ட மண் கலந்த நீரிலும் வளர்த்து, மண் கலந்த நீரில்தான் அது நன்றாக வளர்கிறது என்று கண்டார். நீர் மட்டும் போதாது, அதில் கரைந்துள்ள ஏதோ ஒன்று செடிக்குத் தேவை என்பது அப்போது தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று இன்னின்ன உப்புகள் என்பதை 1860-களில் ஜெர்மன் அறிவியலாளர்களான யூலியஸ் ஸாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் காட்டினார்கள். ஆய்வகத்தில் இருந்த இந்த உத்தியைப் பயிர்த்தொழிலாக்க முயன்றவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அச்சில் அறிமுகப்படுத்தியவரும் அவரே. கிரேக்கத்தில் ஹைட்ரோ என்பது நீர், போனோஸ் என்பது உழைப்பு. அவர் பயன்படுத்திய தொட்டியின் அமைப்பைப் பலர் கவனிப்பதில்லை. தொட்டியின் மேலே கம்பிவலை; வலையின்மேல் மக்கும் பொருள்களால் ஆன படுக்கை; அதற்கும் கீழேயுள்ள கரைசலுக்கும் நடுவே காற்றுக்கென்று விட்ட இடைவெளி. வேரின் ஒரு பகுதி காற்றிலும் மறு பகுதி நீரிலும் இருக்க வேண்டும் என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், வளமான மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட நீரில் கிடைப்பது அப்படியொன்றும் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்று நிதானமாக எழுதினார்கள். இன்று மண்ணில்லா வேளாண்மை குறித்து அடித்துப் பேசுவோர் அவர் பெயரால் வழங்கும் ஊட்டக் கரைசலான ஹோக்லண்ட் கரைசலைப் பயன்படுத்திக்கொண்டே அந்த நிதானத்தை மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கட்டுரை குறிப்பிடாமல் விட்ட முறை ஒன்று உண்டு. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கியதால் அது கிராட்கி முறை எனப்படுகிறது. மோட்டார் இல்லை, காற்றுக்குழாய் இல்லை, மின்சாரமே இல்லை. ஒளி புகாத வாளியில் ஊட்டக் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டு, வலைக் கிண்ணத்தில் நாற்றை வைத்து, கிண்ணத்தின் அடிப்பகுதி மட்டும் கரைசலைத் தொடும்படி விட்டுவிட வேண்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிற்கும். அந்தக் காற்றில் வெண்மையான, பூஞ்சையோ என்று ஐயுறும் அளவுக்கு மெல்லிய மயிர்கள் நிறைந்த வேர்கள் கிளைத்து வளரும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுப்பவை அவை. கீழே கரைசலில் தொங்கும் நீண்ட வேர்கள் நீரையும் உப்பையும் எடுக்கும். ஒரு லெட்டூஸ் செடிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் கரைசல் இருந்தால் நாற்று நட்டதிலிருந்து அறுவடை வரை ஒருமுறைகூட நிரப்ப வேண்டியதில்லை.

இதில் நான் செய்த தவற்றை இங்கே சொல்வது பிறருக்குப் பயன்படும். தொடங்கிய முதல் பருவத்தில், நான்கு வாரம் வளர்ந்த லெட்டூஸ் வாளிகளில் நீர் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பதைக் கண்டு, செடி தாகத்தில் தவிக்கிறதே என்று எண்ணி, எல்லா வாளிகளையும் விளிம்புவரை நிரப்பினேன். இரண்டாம் நாளே இலைகள் துவண்டன. மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, வெண்பஞ்சு போல் இருந்த மேல்வேர்கள் பழுப்பேறி, தொட்டால் வழுக்கின. காற்றில் வாழப் பழகிய வேர்களை நான் நீரில் மூழ்கடித்துவிட்டேன். தக்காளியைப் போல நெடுநாள் நிற்கும் செடிக்கு இடையில் நிரப்பத்தான் வேண்டும்; ஆனால் அப்போதும் இறங்கிய மட்டத்துக்குச் சற்று மேலே, மேல்வேர்கள் நனையாத அளவுக்கே ஊற்ற வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அசையாத நீர் என்பதால் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் கொசு முட்டையிடும். துளையைச் சுற்றி நெருக்கமாக அடைப்பதும், வாளிக்குள் ஒளி நுழையாமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். ஒளி நுழைந்தால் பாசி பிடிக்கும்.

மிதவை முறையில் காற்றிடைவெளி பெரும்பாலும் இல்லை. அகன்ற தொட்டியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கரைசல் நிற்க, அதன்மேல் தெர்மோகோல் பலகை மிதக்கும். பலகையின் துளைகளில் செடிகள் இருக்கும். வேர் முழுவதும் நீருக்குள் இருக்கும். ஆகையால் ஏர் பம்பும், அதன் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் காற்றுக்கல்லும் இரவும் பகலும் ஓட வேண்டும். இம்முறையின் பலம் அதன் பெரிய நீர் இருப்பு. நிறையக் கரைசல் இருப்பதால் அதன் சூடும் உப்பின் அளவும் மெதுவாகவே மாறும். பம்பு சில மணி நேரம் நின்றாலும் கரைந்துள்ள ஆக்ஸிஜன் தீரும்வரை செடி தாங்கும். அந்தச் சில மணி நேரம் எத்தனை என்பதைக் கரைசலின் சூடு முடிவுசெய்யும். 20 டிகிரியில் கவலையில்லாமல் இருக்கலாம். 30 டிகிரியைத் தாண்டிய தொட்டியில் வேரழுகல் நோயை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிர் குடிபுகும். தொட்டியின் வெளிப்புறத்துக்கு வெள்ளையடிப்பது, நிழல் தருவது, கரைசல் கலத்தைத் தரைக்குள் புதைப்பது போன்ற எளிய ஏற்பாடுகள் காற்றுக்கல்லுக்கு நிகரான பயன் தருபவை.

இனி, தங்கள் கட்டுரையின் புகைப்படத்தில் இருந்த வெள்ளைக் குழாய்களுக்கு வருகிறேன். அதன் கீழே மென்படல முறை என்று எழுதப்பட்டிருந்தது. மென்படல முறையை, அதாவது என்.எஃப்.டி.யை, இங்கிலாந்தில் லிட்டில்ஹாம்ப்டனில் இருந்த கண்ணாடிக்கூடப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கூப்பர் உருவாக்கினார். 1970-களில் அது பரவியது. தட்டையான அடிப்பகுதி கொண்ட ஓடை, அதில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாத மெல்லிய நீர்ப்படலம், அந்தப் படலத்துக்கு மேலே காற்றில் விரிந்து கிடக்கும் வேர்ப்பாய் என்பதே அதன் கருத்து. பெயரிலேயே படலம் இருப்பது வேருக்குக் காற்று கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஓடைக்கு 40-க்கு 1 என்ற அளவில், அதாவது 10 மீட்டர் நீளத்துக்கு 25 சென்டிமீட்டர் சரிவு கொடுப்பது வழக்கம். ஓடை ஒன்றில் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட வேண்டும். ஓடை மிக நீளமாக இருந்தால் கடைசியில் உள்ள செடிகளுக்கு ஆக்ஸிஜனும் தழைச்சத்தும் குறைந்த கரைசலே போய்ச் சேரும்.

புகைப்படத்தில் இருந்ததோ உருண்டையான பி.வி.சி. குழாய். அதன் இரு முனைகளும் மூடியிட்டு, வெளியேறும் துளை மூடியின் நடுமட்டத்தில் இடப்பட்டிருந்தது. அப்படியானால் குழாயில் எந்நேரமும் பாதி ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும். அது மென்படலம் அன்று. ஆழ்நீரோட்ட முறை என்று தனியாக வழங்கப்படுவது. இதைக் குற்றம் கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், மோட்டார் நின்றவுடன் வேறு வேறாக நடந்துகொள்ளும். ஆழ்நீரோட்டக் குழாயில் தேங்கிய நீர் செடியைக் காக்கும். மென்படல ஓடையில் சில நிமிடங்களில் நீர் வடிந்துவிடும். பிறகு வேர்ப்பாயில் ஊறிய ஈரம் மட்டுமே மிஞ்சும்.

அது எவ்வளவு விரைவில் தீரும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கோடைப் பகலொன்றில், காலை பதினொரு மணியளவில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வெளியே சென்றேன். பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பியபோது ஓடைகளில் இருந்த லெட்டூஸ் அனைத்தும் நனைத்துப் போட்ட துணியைப் போலத் தரை நோக்கிக் கிடந்தன. மின்சாரம் போகவில்லை, மோட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உறிஞ்சும் வாயில், விரல் நீளமே உள்ள அறுந்த வேர்க்கொத்து ஒன்று சுருண்டு அடைத்திருந்தது. அதை எடுத்தவுடன் நீர் ஓடியது. மாலைக்குள் பாதிச் செடிகள் நிமிர்ந்தன. மறுநாள் அவற்றின் இலை விளிம்புகள் தீய்ந்திருந்தன, மற்றவை எழவேயில்லை. இரண்டடி தள்ளி அதே வெயிலில் கிராட்கி வாளிகளில் இருந்த அதே வயதுச் செடிகள் ஓர் இலைகூட வாடாமல் நின்றன. அன்றிலிருந்து உறிஞ்சும் வாய்க்கு வலைக்கூடு போட்டு வைத்திருக்கிறேன். நாள்தோறும் அதைத் திறந்தும் பார்க்கிறேன். மாற்று மோட்டாரும் மின்கல ஏற்பாடும் இல்லாமல் மென்படல முறையைத் தொடங்க வேண்டாம் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நிரப்பி வடிக்கும் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். கூழாங்கற்களோ சுட்ட களிமண் உருண்டைகளோ நிறைந்த தட்டத்தில் செடிகள் இருக்க, டைமர் வைத்த மோட்டார் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலை ஏற்றித் தட்டத்தை நிரப்பும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் மோட்டார் நிற்க, கரைசல் மீண்டும் கீழ்த்தொட்டிக்கு வடிந்துவிடும். நீர் ஏறும்போது கற்களுக்கு நடுவே தேங்கிய கெட்ட காற்றை வெளியே தள்ளும். இறங்கும்போது புதிய காற்றை உள்ளே இழுக்கும். தட்டமே மூச்சு விடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நல்ல மண் அரிதான அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினருக்குப் பச்சைக் காய்கறி கிடைத்தது சரளைக் கல் நிரப்பிய இத்தகைய பாத்திகளிலிருந்துதான். மோட்டார் ஒரு வேளை ஓடாமல் போனாலும் கற்களைச் சுற்றியுள்ள ஈரம் செடியைக் காப்பாற்றும். இதன் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: வடிகுழாயில் வேரோ கல்லோ அடைத்துக்கொண்டால் தட்டம் வடியாது; வடியாத தட்டத்தில் செடி ஒரே நாளில் மூச்சு முட்டும். நிரம்பி வழியாமல் காக்கும் மேல்குழாயைச் சிலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதை விடக்கூடாது.

உலகெங்கும் பெரிய பசுமைக்குடில்களில் தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் விளைவது பெரும்பாலும் சொட்டுநீர் முறையில்தான். தென்னை நார்க்கழிவோ, பாறையை உருக்கி இழையாக்கிய பாறைக்கம்பளியோ நிரப்பிய பைகளில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு டிரிப்பர். நாளொன்றுக்குப் பலமுறை சிறிது சிறிதாகக் கரைசல் சொட்டும். கொடுத்ததில் 20 முதல் 30 விழுக்காடு பையின் அடியிலிருந்து வடிந்து வெளியேறும்படி விடுவது வழக்கம்; அப்படி விடாவிட்டால் செடி எடுத்துக்கொள்ளாத உப்பு பைக்குள் தேங்கிவிடும். வடிந்ததை மண்ணில் விட்டால் நிலத்தடி நீரில் நைட்ரேட் சேரும். மீண்டும் பயன்படுத்தினால் புறஊதாக் கதிராலோ வேறு வழியாலோ கிருமி நீக்க வேண்டும். இந்தக் கணக்கு கட்டுரையில் வரவேயில்லை. நார்க்கழிவைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. அதில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். முதலில் நன்னீரில் கழுவி, பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மீண்டும் கழுவாவிட்டால், நாம் கொடுக்கும் கால்சியத்தை நார்க்கழிவே பிடித்துவைத்துக்கொள்ளும். செடிக்குப் போய்ச் சேராது.

திரி முறை குறித்து அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழேயுள்ள கலத்திலிருந்து துணித்திரி நீரை மேலேற்றும். சிறு கீரைகளுக்கும் மூலிகைகளுக்கும் அது போதும். காய்த்துக் குலுங்கும் தக்காளியின் தாகத்துக்கு ஈடுகொடுக்காது. மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்தால் வெறும் நீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

வேருக்குக் காற்றை முழுமையாகத் தருவது ஏரோபோனிக்ஸ். இருட்டான பெட்டிக்குள் வேர்கள் அந்தரத்தில் தொங்க, நுண்துளை முனைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில விநாடிகள் கரைசலைப் பனிமூட்டமாகத் தெளிக்கும். இப்பெயரை 1957-இல் தாவரவியலாளர் வென்ட் வழங்கினார். பெருவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் நோயற்ற விதைக்கிழங்கு உற்பத்திக்கு இம்முறையைப் பரப்பியது. கிழங்குகள் மண்ணில் மறைந்திராமல் கண்முன்னே தொங்குவதால், உரிய அளவு வந்தவற்றை மட்டும் பறித்துவிட்டு மற்றவற்றை வளர விடலாம் என்பது அதன் அழகு. ஆனால் தெளிப்பு முனையின் துளை மிகச் சிறியது. கரைசலில் ஒரு துகள் இருந்தாலும், கடின நீரின் சுண்ணாம்பு சற்றே படிந்தாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் வேரைக் காப்பாற்ற எதுவுமில்லை. வெப்பமான நேரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நிறுவனங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் ஏற்ற இந்த முறையை, கட்டுரை எழுதியவர் மொட்டைமாடியில் முதன்முதலாகத் தொடங்குவோருக்குப் பரிந்துரைத்திருப்பது எனக்குக் கவலை அளித்தது.

எல்லா முறைகளுக்கும் பொதுவான கரைசலைப் பற்றியும் சில சொற்கள். செடிக்கு இன்றியமையாதவை என்று இன்று ஏற்கப்பட்ட 17 தனிமங்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் நீங்கலாக மற்ற 14-உம் கரைசலிலிருந்தே வர வேண்டும். அவற்றை ஒரே பாத்திரத்தில் அடர்த்தியாகக் கலக்கக் கூடாது. கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்ஃபேட்டையும் அடர்கரைசலாக ஒன்றாக ஊற்றிப் பாருங்கள். கண்ணெதிரே பால்போல் வெளுத்து, சிறிது நேரத்தில் அடியில் வெண்பொடியாகப் படியும். அந்தப் பொடி ஜிப்சம். செடிக்குக் கிடைக்க வேண்டிய கால்சியமும் கந்தகமும் அங்கே வீணாகிக் கிடக்கின்றன. இதனால்தான் ஏ, பி என்று இரண்டு புட்டிகளாக விற்கிறார்கள். ஒன்றை முழுத்தொட்டி நீரில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றொன்றை ஊற்ற வேண்டும். கார அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-இலிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். அது 7-ஐத் தாண்டினால், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சாதாரண ஈ.டி.டி.ஏ. வடிவில் கொடுத்த இரும்பு செடிக்குக் கிடைக்காமல் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மாறும். உடனே கூடுதலாக இரும்பு ஊற்றுவது வீண், பி.எச். அளவைத்தான் சரிசெய்ய வேண்டும். உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துதிறன் லெட்டூஸுக்கு சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமன்ஸ் வரை போதும். காய்க்கும் தக்காளிக்கு அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். எல்லாப் பயிர்களையும் ஒரே தொட்டியின் கரைசலில் வளர்க்கலாம் என்ற கட்டுரையின் கூற்று இந்த இடத்தில் தவறிவிடுகிறது.

மண் இல்லாததால் நோய் இல்லை என்றும் கட்டுரை சொல்கிறது. மண்வழி வரும் பல நோய்கள் குறைவது உண்மை. ஆனால் பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்தக்கூடியவை. சுழலும் கரைசலில் ஒரு செடிக்கு வந்தது, ஒரே தொட்டியோடு இணைந்த எல்லா ஓடைகளுக்கும் போய்விடும். தனித்தனி வாளிகளில் அந்த அச்சம் இல்லை. ஒரு வாளி கெட்டால் அதோடு போயிற்று. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீர்ச் சிக்கனம் குறித்துக் கட்டுரை சொன்னதோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. அமெரிக்காவின் அரிசோனா நிலைமைகளுக்கு லெட்டூஸ் சாகுபடியை ஒப்பிட்டுக் கணக்கிட்டு 2015-இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோவுக்கு நிலத்தில் சுமார் 250 லிட்டர் நீரும், கட்டுப்படுத்தப்பட்ட பசுமைக்குடிலில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் சுமார் 20 லிட்டரும் தேவை என்றது. சதுர மீட்டருக்கு ஆண்டு விளைச்சல் 3.9 கிலோவிலிருந்து 41 கிலோவாக உயர்ந்தது. அதே ஆய்வு, ஒரு கிலோவுக்கான ஆற்றல் தேவை 1,100 கிலோஜூலிலிருந்து 90,000 கிலோஜூலாக ஏறியதையும் சொன்னது. அதில் பெரும்பகுதி பசுமைக்குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செலவானது. அடுத்த பங்கு செயற்கை விளக்குக்குப் போனது. நீரின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஆற்றலின் எண்ணை விட்டுவிடுவது வாசகர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. திறந்தவெளியில் நிழல்வலையின் கீழ் மோட்டாரில்லாத வாளியில் கீரை வளர்ப்பவருக்கு இந்த ஆற்றல் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மண்ணில்லா வேளாண்மை என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு தொலைவு உள்ள இரண்டு காரியங்கள் இருக்கின்றன.

வேளாண் பக்கத்தில் இப்பொருளைத் தொடர்ந்து எழுதப்போவதாகக் கட்டுரையின் இறுதியில் குறிப்பிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையையும் அறிமுகப்படுத்தும்போது அதில் வேருக்குக் காற்று எப்படிக் கிடைக்கிறது, மோட்டார் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும், கரைசலின் சூடு எந்த அளவைத் தாண்டக் கூடாது, வடியும் நீர் எங்கே போகிறது ஆகிய நான்கையும் கட்டாயம் குறிப்பிடும்படி தங்கள் வேளாண் பகுதியினரைக் கேட்டுக்கொள்கிறேன். குழாய்களின் வெளித்தோற்றத்தோடு, மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் வேரின் படத்தையும் வெளியிடுங்கள். வெளுத்து மயிரடர்ந்த வேர் எது, பழுப்பேறி வழுக்கும் வேர் எது என்பதை அருகருகே பார்த்த வாசகர், தம் செடி வாடும்போது முதலில் மூடியைத் திறந்து பார்ப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்